ஒருதடவ காச்சல் வந்தவங்க லிஸ்ட்டு

ஒருதடவ டெங்கு வந்தவங்களுக்கு மறுபடி வராது. இந்த ரூல போட்டது கவர்மென்டு இல்ல, டாக்டர் இல்ல, நான்தான். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில படுத்துக் கெடந்த நாளெல்லாம் என்னை ஒடம்பு வாட்டுனது கம்மி, இந்த ரூல் வாட்டுனதுதான் ஜாஸ்தி. அதனால அதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பேரு அஞ்சலை. வூடு தியாகதுருகத்துல. வேலை கொசு ஒழிப்பு மஸ்தூர். வூடு வூடா போயி டிரம்மு, தொட்டி, ஆட்டுக்கல்லு, பூந்தொட்டின்னு எல்லாத்துலயும் டார்ச் அடிச்சுப் பாக்கணும். புழு நெளிஞ்சா தண்ணிய ஊத்தச் சொல்லணும். ஊத்த முடியாத தொட்டின்னா மருந்து வுடணும். அப்புறம் செவுத்துல ஒட்டியிருக்கிற அட்டையில தேதி போட்டுக் கையெழுத்து வெக்கணும். ஜனங்களுக்கு நாங்க "கொசு மருந்துக்காரிங்க". எங்களப் பாத்தாலே டிரம்மு மேல சாக்க இழுத்துப் போட்டுட்டு வாசப்படியில நின்னுக்குவாங்க. "அஞ்சு நாளைக்கு ஒருக்கா தண்ணி வுடறானுங்க, அத ஊத்துன்றியே, நீ வந்து ரொப்பித் தருவியா?"ன்னு கேப்பாங்க. நானும் சும்மா வுட மாட்டேன். "நாளைக்கு உம்புள்ளைக்குக் காச்சல் வந்தா நாந்தான் வந்து தூக்கணும், மூடிய தெறம்மா"ன்னு அதட்டித்தான் உள்ள போவேன்.

எங்க டீமுல பத்துப் பொம்பளைங்க. நான் சீனியரு. எந்தத் தெருவுக்கு யாருன்னு நோட்டுல எழுதறது நான். நாலு வருஷத்துக்கு மின்ன எனக்கு டெங்கு வந்துச்சு. ஒரு வாரம் படுத்தேன், எழுந்தேன், அவ்ளோதான். அதுக்கப்புறம் எந்தத் தெருவுல காச்சல்னு தகவல் வந்தாலும் மத்தவளுங்க மூஞ்சி சுருங்கிப் போவும். கைப்புள்ளக்காரிங்க, பாவம். "நீங்க யாரும் வாணாம், எனக்குத்தான் வந்து பூடுச்சே, அம்மை மாதிரிதான், ஒருக்கா வந்தா தீந்துது"ன்னு நான் கெளம்பிடுவேன். சூப்பர்வைசருக்கும் அது வசதியாப் போச்சு. நோட்டோட கடைசிப் பக்கத்துல "காச்சல் வந்தவங்க"ன்னு தலைப்பு போட்டு என் பேர எழுதுனேன். அந்தப் பக்கத்துல ரொம்ப நாளு என் பேரு மட்டும்தான் இருந்துச்சு. அதுல எனக்கு ஒரு பெருமை வேற.

அப்புறம் ஒரு நாளு மைமூன் வந்து நின்னா. எங்க டீமுலயே சின்னவ. புருஷன் காதர் பாய் கள்ளக்குறிச்சியில செருப்புக் கடை வெச்சிருக்கிறாரு. "எனக்கும் வந்திருக்குதுக்கா. கல்யாணத்துக்கு மின்ன, எங்கம்மா வூட்ல, எலவனாசூர்கோட்டையில"ன்னா. "அத ஏண்டி இத்தன நாளா சொல்லல?"ன்னு கேட்டுக்கினே எம்பேருக்குக் கீழ அவ பேர எழுதுனேன். அன்னையிலேர்ந்து காச்சல் தெருவுக்கெல்லாம் நாங்க ரெண்டு பேரும் ஜோடி.

கொரோனா மொத அலை கொஞ்சம் அடங்கியிருந்த நேரம் அது. எங்க ஜாதிச் சங்கத்தோட இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வேற சூடா நடந்துக்கினு இருந்துச்சு. ஒரு நாளு ஆபீசு முன்னாடி உக்காருவாங்க, ஒரு நாளு மனு குடுப்பாங்க, ஒரு நாளு மெட்ராஸுக்கு வேன் வேனா போவாங்க. பஸ்ஸு எப்போ ஓடும், எப்போ நிக்கும்னு டிரைவருக்கே தெரியாது. அந்த நேரம் பாத்து கல்வராயன் மலை மேல, வெள்ளிமலைக்கு அந்தாண்ட ஒரு ஊர்ல காச்சல். "ஏற்கெனவே வந்தவங்க போங்கம்மா"ன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. என் ரூலு எனக்கே உத்தரவா வந்துச்சு. மைமூனும் நானும் துணிப்பைய எடுத்துக்கினு பஸ் ஏறுனோம்.

கொரோனாவுக்கு மூடுன பள்ளிக்கூடத்துல எங்களுக்கு எடம் குடுத்தாங்க. தண்ணி கஷ்டம் அங்க ஜாஸ்தி, அதனால வூட்டுக்கு மூணு டிரம்மு. டார்ச் அடிச்சா அத்தனையிலயும் புழு. டெங்கு கொசு சாக்கடையில முட்ட போடாது, நல்ல தண்ணியிலதான் போடும். கடிக்கறதும் பகல்லதான். நாங்க டிரம்முக்குள்ள தலைய வுட்டுக்கினு நிக்கறப்போ அது எங்க கழுத்துல, முழங்கையில குந்திக் கடிக்கும். மைமூனுக்குத் தேங்கா எண்ணெயில வேப்பெண்ணெ கலந்து தேச்சு வுட்டேன். நான் தேச்சுக்கல. "எனக்குத்தான் வராதே"ன்னு திமிரு.

எட்டாம் நாளு காலையில எழுந்தா கண்ணுக்குப் பின்னாடி யாரோ கட்ட வெரலால அழுத்தற மாதிரி வலி. இடுப்பு கழண்டு போச்சு. மத்தியானத்துக்குள்ள ஒடம்பு கொதிச்சுது. ரெண்டு நாளு மாத்திரைய போட்டுக்கினு சமாளிச்சேன். மூணாம் நாளு மைமூன் என் துணியெல்லாம் அவளே மடிச்சுப் பையில வெச்சா. "நீ கீழ போக்கா. இன்னும் முப்பது வூடுதான், நான் முடிச்சுட்டு வரேன்"ன்னா. "தனியா இருந்துக்குவியாடி?"ன்னு கேட்டேன். "எனக்குத்தான் வந்து பூடுச்சே"ன்னு சிரிச்சா. எனக்கும் அது சரியாத்தான் பட்டுச்சு. பஸ்ஸுல ஏறிப் படுத்துட்டேன்.

ஆஸ்பத்திரியில காச்சல்னு சொன்னதுமே ஒதுக்குப்புறமா ஒரு ரூமுல போட்டுட்டாங்க. மூக்குல குச்சி வுட்டு எடுத்தாங்க. கொரோனா இல்லன்னு தெரியற வரிக்கும் யாரும் உள்ள வரக்கூடாது. ஒரு நாளு முழுக்க நானும் ஒரு ஃபேனும்தான். சாப்பாட்ட வாசல்ல வெச்சுட்டு "எடுத்துக்கம்மா"ன்னுட்டுப் போவாங்க. எழுந்து நடந்து போயி எடுக்கறதுக்குள்ள அந்த இட்லி காஞ்சு போயிருக்கும். எம்புருஷன் பெங்களூருக்குக் கொத்து வேலைக்குப் போனவரு, பதினாலு வருஷமா திரும்பல. புள்ள குட்டி கெடையாது. தனியா இருக்கறது எனக்குப் பழக்கம்தான். ஆனா ஒடம்புல தெம்பு இருக்கறப்ப தனியா இருக்கறது வேற, எழுந்து நிக்க முடியாம தனியா கெடக்கறது வேற.

கொரோனா இல்ல, டெங்குன்னு ரிசல்ட் வந்துச்சு. காச்சல் வந்த மொத நாலஞ்சு நாளு வைரஸோட ஒரு துண்டு ரத்தத்துல திரியுமாம், அதத்தான் கண்டுபிடிக்கிறாங்க. அப்பக்கூட நான் நம்பல. "எனக்கு வந்து பூடுச்சுங்களே, மெஷின்ல எதுனா தப்பா இருக்கும்"னு நர்ஸம்மாகிட்ட சண்டைக்குப் போனேன். அவங்க எங்கையில ஊசிய குத்தி டிரிப்ஸ ஏத்திட்டு, "தப்பாவே இருக்கட்டும், படுங்க"ன்னுட்டுப் போய்ட்டாங்க.

பொம்பளைங்க வார்டுக்கு மாத்துனாங்க. ஒரு பெட்டுக்கு ஒரு ஆளு கூட இருக்கலாம். எல்லா பெட்டு கிட்டயும் யாராச்சும் ஒருத்தர் கீழ பாய் விரிச்சுக் குந்திக்கினு, தலைய கோதிக்கினு, பழம் உரிச்சுக்கினு இருப்பாங்க. என் பெட்டு கிட்ட என் செருப்பு மட்டும்தான். பாத்ரூம் போவணும்னா டிரிப்ஸ் பாட்டில கழட்டி நானே தூக்கிப் புடிச்சுக்கினு போவேன். பக்கத்து பெட்டு அம்மா, "கூட யாரும் வர்லியாம்மா?"ன்னு கேட்டாங்க. "வருவாங்க"ன்னேன். மறுநாளும் கேட்டாங்க. அதுக்கப்புறம் அவங்க கேக்கறத வுட்டுட்டாங்க. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

என் தம்பி ஏழுமலை வந்தான், இல்லன்னு சொல்லக் கூடாது. எளநி ரெண்டு, அவன் பொண்டாட்டி ஊத்திக் குடுத்த ரசம். தோள்ல சங்கத்துத் துண்டு. வெளிய வேன் நிக்குதாம், மெட்ராஸ் போறானாம். "நம்ம புள்ளைங்களுக்கு ஸீட்டு கெடைக்கணும்ல அக்கா"ன்னான். அவனுக்கு ரெண்டு பொண்ணு, ரெண்டும் நல்லாப் படிக்குதுங்க. நான் இன்னா சொல்றது? "போய்ட்டு வாடா, எனக்கு இன்னா, ஏற்கெனவே வந்த காச்சல்தானே"ன்னு அனுப்பி வெச்சேன். எளநிய சீவி டம்ளர்ல ஊத்தி, ஸ்ட்ரா போட்டு எங்கையில குடுத்துட்டுத்தான் போனான்.

அன்னைக்கு மத்தியானம் காதர் பாய் வந்தாரு. கையில ஃபிளாஸ்க்கு, உள்ள கஞ்சி. அரிசி நொய்யி, பாசிப்பருப்பு, பூண்டு, இஞ்சியெல்லாம் போட்டு நோம்புக்குக் காச்சுவாங்களே, அந்த மாதிரி. கறி மட்டும் போடல. "மலையிலேர்ந்து மைமூன் ஃபோன் பண்ணா. அக்காவுக்கு ஆளு இல்ல, நீ போயி பாத்துக்கன்னா. நானே காச்சுனேன், உப்பு சரியா இருக்குதான்னு பாருங்க அக்கா"ன்னாரு. மூடியில ஊத்திக் குடுத்தாரு. நெஞ்சுக்குள்ள எறங்கறப்பவே கண்ணு கலங்கிடுச்சு. கலங்குனத காட்டிக்காம, "உப்பு கொஞ்சம் கம்மி பாய்"னேன். மறுநாளு உப்பு சரியாப் போட்டுக் கொண்டாந்தாரு.

மூணாம் நாளு கஞ்சி ஊத்திக்கினே, "மைமூனுக்கும் ஒடம்பு சரியில்லியாம். நாலு நாளா காச்சலாம், இப்பத்தான் சொல்றா. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி மேட்டுல ஏறுனாத்தான் டவர் கெடைக்குது, ரெண்டு வார்த்தையில கட்டாயிடுச்சு"ன்னாரு. மொகத்துல கவலை. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? "அவளுக்கும் ஏற்கெனவே வந்துடுச்சு பாய், கல்யாணத்துக்கு மின்னாடியே. இது வெறும் சளிக் காச்சலா இருக்கும். பயப்படாதீங்க." அவரு "அப்படீங்களா"ன்னு ஒரு மாதிரியாப் பாத்தாரு. அப்புறம் தலைய ஆட்டிக்கினே போனாரு.

நாலாம் நாளு விடியறப்போ எனக்குக் காச்சல் எறங்கிடுச்சு. ஒடம்பு காத்தாட்டம் லேசா இருந்துச்சு. மொகம் கழுவிக்கினு, தலைய சீவி, புடவைய ஒழுங்காக் கட்டிக்கினு, பைய மடியில வெச்சு பெட்டு மேல குந்தியிருந்தேன். வூட்டுக்குப் போவணும். மலையில மிச்ச வூட்ட மைமூன் சளிக் காச்சலோட தனியாப் பாத்துக்கினு இருக்கிறா, போயி அவளுக்குக் கை குடுக்கணும்னு நெனப்பு.

டியூட்டி டாக்டரம்மா வந்தாங்க. தென்காசிப் பக்கத்துப் பொண்ணு, முப்பது வயசுகூட இருக்காது. "என்னம்மா, எங்க கெளம்பிட்டீங்க?"ன்னாங்க.

"காச்சல் வுட்டுடுச்சுங்க. வூட்டுக்குத்தான்."

"காய்ச்சல் விட்டதும்தான் இதுல ஆபத்தே ஆரம்பிக்கும். பையை எடுத்து அங்க வைங்க." ஸ்டூல இழுத்துப் போட்டுக்கினு உக்காந்து, என் ரிப்போர்ட்ட பெரட்டுனாங்க. "இதுக்கு முன்னாடி உங்களுக்கு டெங்கு வந்திருக்கா?"

"நாலு வருஷத்துக்கு மின்ன வந்துச்சுங்க. அதான் இந்தத் தடவ லேசாப் பூடுச்சு."

"லேசு இல்லம்மா. அதனாலதான் பயமே"ன்னாங்க. நான் மூஞ்சிய சுளிச்சத பாத்துட்டு, பழைய லேப் சீட்டு ஒண்ண திருப்பி வெச்சுப் படம் போட ஆரம்பிச்சாங்க. பெருசா ஒரு வட்டம். அதச் சுத்தி முடி முடியா கோடு.

"இந்த வட்டம் நம்ம ஒடம்புல இருக்கற ஒரு செல். இந்த முடி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கறதுக்குப் பேரு ரிசெப்டார். செல்லு தனக்கு வேண்டியதைப் பிடிச்சு உள்ள இழுக்கறதுக்கும், வெளிய வந்திருக்கறது யாருன்னு தெரிஞ்சுக்கறதுக்கும் இதுதான். வைரஸுக்குக் கையும் இல்ல, காலும் இல்ல. செல்லுக்குள்ள போனாத்தான் அதுக்குப் பொழப்பு. அதோட மேல்தோல்ல ஒரு புரதம் இருக்கு. அந்தப் புரதம் இந்த ரிசெப்டார்ல போய் ஒட்டிக்கும். ஒரே ரிசெப்டார்னும் இல்ல, எது எது கெடைக்குதோ அதுல ஒட்டும். எல்லாத்தையும் இன்னும் முழுசாக் கண்டுபிடிக்கல."

"எந்த செல்லுல மொதல்ல ஒட்டுமுங்க?"

"கொசு கடிச்ச எடத்துலயே, தோலுக்கு அடியில காவல் செல்கள் இருக்கு. கிருமி வந்தா பிடிக்கறதே அதுங்க வேலை. அதுங்க மேல இருக்கற ரிசெப்டார்லதான்."

"இன்னாங்க இது, திருடன் போலீஸ் ஜீப்புல ஏறி ஊருக்குள்ள வர்ற கதையா இருக்குது!"

டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. "அதேதான். அந்த செல்லு வைரஸை ஒரு பைல சுத்தி உள்ள இழுக்கும். பைக்குள்ள புளிப்பு ஏறும். மத்த கிருமி நெறைய அதுலயே செத்துரும். இது சாகாது. புளிப்பு பட்டதும் பையோட சுவரைத் தொறந்துக்கிட்டு, தன் வயித்துல இருக்கறதை செல்லுக்குள்ள கொட்டிரும். அப்புறம் அந்த செல்லே உக்காந்து இதை ஆயிரக்கணக்குல படியெடுத்துக் குடுக்கும்."

"சரிங்க. ஆனா எனக்குத்தான் எதிர்ப்பு சக்தி வந்திருக்குமே?"

"வந்திருக்கு. அதுதான் சிக்கலே. டெங்குல நாலு வகை இருக்கு. ஒரு வகை வந்தா அந்த வகை மறுபடி வராது. மத்த மூணும் வரலாம். உங்க ரத்தத்துல பழைய வகைக்கான எதிர்ப்புப் பொருள் நெறைய இருக்கு. புது வகை வந்ததும் அது ஓடிப் போய் ஒட்டும். ஆனா அரைகொறையா ஒட்டும், கொல்லாது. அந்த எதிர்ப்புப் பொருளுக்கு ஒரு வால் உண்டு. காவல் செல்லு மேல அந்த வாலைப் பிடிச்சு இழுக்கறதுக்குன்னே தனி ரிசெப்டார் இருக்கு. வாலைப் பிடிச்சு இழுக்கும்போது, ஒட்டிக்கிட்டு இருக்கற வைரஸும் சேந்து உள்ள போயிரும். மொதத் தடவையை விட ஜாஸ்தியா, சுளுவா."

எனக்குப் புரிஞ்சுடுச்சு. கல்யாண வூட்ல சொந்தக்காரன் ஒருத்தன் தோள்ல கைய போட்டுக்கினு உள்ள வந்தா, அவன்கூட வர்றவன் யாருன்னு யாரு கேக்கறாங்க? நேராப் பந்தியில குந்திடுவான்.

"ரெண்டாவது தடவை வர்ற எல்லாருக்கும் மோசமாகும்னு இல்ல. ஆனா நாங்க பயந்து பாக்கறது அவங்களைத்தான்"னாங்க டாக்டரம்மா. "காய்ச்சல் விட்ட பிறகு வர்ற ரெண்டு நாள்ல ரத்தக் குழாய் கசிய ஆரம்பிக்கும். ரத்தத்துல இருக்கற தண்ணி வெளிய போயி, ரத்தம் கெட்டியாகும். கை கால் சில்லுனு ஆகும். வயிறு வலிக்கும், வாந்தி வரும். நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிக்கிட்டே பொசுக்குனு விழுந்துருவாங்க. இங்க இருந்தா டிரிப்ஸை அளந்து ஏத்திக் காப்பாத்திடலாம். வீட்ல இருந்தா கஷ்டம்."

அவங்க போனதுக்கப்புறமும் நான் பையப் புடிச்சுக்கினே குந்தியிருந்தேன். என்னப் பத்தி எனக்கு பயமே வரல. நோட்டோட கடைசிப் பக்கம்தான் கண்ணு முன்னால நின்னுச்சு. எம்பேருக்குக் கீழ மைமூன். நானே எழுதுனது. நேத்து அவ புருஷன்கிட்ட "பயப்படாதீங்க"ன்னு சொன்னதும் இந்த வாய்தான்.

ஃபோன எடுத்து அவ நம்பரப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு அப்பால்னு வந்துச்சு. மறுபடி போட்டேன். எத்தன தடவ போட்டேன்னு கணக்கு இல்ல. அந்த மேட்டுல அவ ஏறி நின்னாத்தான் மணி அடிக்கும்.

மத்தியானம் காதர் பாய் வந்தாரு. மொகத்துல சிரிப்பு. "அக்கா, நீங்க சொன்னது சரிதான். மைமூன் காலையில பேசுனா. காச்சல் வுட்டுடுச்சாம். நல்லாக் கீறாளாம், வயித்து வலி மட்டும் லேசா இருக்குதாம். ரெண்டு நாளா மலைக்கு பஸ்ஸு வரல, பஸ்ஸு வுட்டதும் எறங்கி வந்துடறேன்னா."

அவரு கஞ்சிய மூடியில ஊத்தி நீட்டுனாரு. வாங்கிக்கினேன். சொல்லுடி, சொல்லுடின்னு மனசு அடிச்சுக்குது. சொன்னா இந்த மனுஷன் என்னப் பத்தி இன்னா நெனப்பாரு? வார்டுல எனக்குன்னு வர்றது இவரு ஒருத்தருதான். இவரும் வரலன்னா? சொல்ல வெக்கமா இருக்குது, ஆனா உண்மை. அந்த நேரத்துல நான் மைமூன் உசுரோட சேத்து இதையும் எட போட்டுக்கினு இருந்தேன். அரை மூடி கஞ்சி குடிக்கற வரிக்கும் எட போட்டேன். அவரு "வரேன்கா"ன்னு வார்டு கதவு வரிக்கும் போய்ட்டாரு.

"பாய்! நில்லுங்க!" நான் போட்ட சத்தத்துல வார்டே திரும்பிப் பாத்துச்சு.

திரும்பி வந்தாரு. எல்லாத்தையும் சொன்னேன். லிஸ்ட்டு, ரூலு, ரெண்டாவது தடவ வந்தா இன்னா ஆவும், காச்சல் வுட்டதுக்கப்புறம் இன்னா ஆவும், வயித்து வலின்னா இன்னா அர்த்தம், எல்லாம். அவரு ஒரு கேள்விதான் கேட்டாரு. "அந்த லிஸ்ட்டு நீங்க போட்டதாக்கா?"

"ஆமாங்க பாய். நான்தான்."

அவரு ஃபிளாஸ்க்க அங்கயே வுட்டுட்டு வெறுங்கையோட ஓடுனாரு. நானும் டிரிப்ஸ் பாட்டில கழட்டிப் புடிச்சுக்கினு டாக்டரம்மா ரூமுக்குப் போயி சொன்னேன். அவங்க ஒடனே மலை மேல இருக்கற ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டாங்க. ஆம்புலன்ஸு ஒரு பிரசவக் கேஸ ஏத்திக்கினு சேலத்துக்குப் போயிருக்குதாம், வந்ததும் அனுப்பறோம்னாங்களாம். "நீங்க போய்ப் படுங்கம்மா, உங்க கை ஐஸா இருக்கு"ன்னு டாக்டரம்மா என் மணிக்கட்டப் புடிச்சாங்க. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது.

அன்னைக்கு சாயங்காலம் எனக்கு ஒடம்பு வுட்டுப் போச்சு. வயித்துல கத்திய வெச்சுத் திருப்பற மாதிரி வலி. பல்லு தேச்ச எடத்துல ரத்தம். பெட்டச் சுத்தி திரை இழுத்துட்டாங்க. மணிக்கொரு தடவ வெரல்ல குத்தி, ரத்தம் எவ்ளோ கெட்டியாயிருக்குதுன்னு பாத்துப் பாத்து டிரிப்ஸ ஏத்தி எறக்குனாங்க. "கூட யாரும்மா? ஒரு கையெழுத்து போடணும்"னு நர்ஸு கேட்டாங்க. "யாரும் இல்ல, குடுங்க, நானே போடறேன்"னேன். வூட்டு அட்டையில தெனம் போடற அதே கையெழுத்துத்தான், கோணலா வந்துச்சு. அந்த நேரம் பாத்து ஏழுமலை ஃபோன் பண்றான். பின்னால கோஷம் போடற சத்தம். "அக்கா, நல்லாக் கீறியா?" "நல்லாக் கீறேண்டா, நீ சாப்ட்டியா?"ன்னேன். மைமூனும் இப்படித்தானே அவ புருஷன்கிட்ட சொல்லியிருப்பான்னு ஃபோன வெச்சதுக்கப்புறம் தோணுச்சு.

மறுநாளு எனக்குக் கொஞ்சம் தேவலாம்னாங்க. மத்தியானம் யாரும் வரல. ஃபிளாஸ்க்கு ஜன்னல்ல அப்படியே இருந்துச்சு. கதவு தெறக்கற ஒவ்வொரு தடவையும் தலைய தூக்கிப் பாப்பேன். யாரோ ஒருத்தரு யாருக்கோ சோறு கொண்டாருவாங்க. அந்த நாளு போன மாதிரி எனக்கு வேற எந்த நாளும் போனதில்ல. செத்துட்டிருப்பாளோன்னு நெனப்பேன், சீ வாயக் கழுவுன்னு என்னையே திட்டுவேன், மறுபடி நெனப்பேன்.

இருட்டறதுக்கு மின்ன தள்ளுவண்டி சத்தம் கேட்டுச்சு. பின்னாடியே காதர் பாய், தலையெல்லாம் செம்மண்ணு. மோட்டார் சைக்கிள்ல மேல போயிருக்கிறாரு. பள்ளிக்கூடத்து வராண்டாவுல மயங்கிக் கெடந்தவள, யார் யார் காலையோ புடிச்சு, மரவள்ளிக் கெழங்கு ஏத்த வந்த ஒரு வேன்ல போட்டுக் கொண்டாந்திருக்கிறாரு. என் பெட்டத் தாண்டித்தான் போனாங்க. மைமூன் மூஞ்சி வெளுத்து, ஒதடு காஞ்சு, யாரோ மாதிரி இருந்தா. பாய் என்னப் பாக்கல. பாத்துட்டே பாக்காம போனாரா, நெசமாவே பாக்கலியா, இன்னைக்கு வரிக்கும் எனக்குத் தெரியாது.

மூணு பெட்டு தள்ளி அவளப் போட்டாங்க. ரெண்டு நாளு அந்தத் திரை மூடியே இருந்துச்சு. உள்ள போறவங்க வர்றவங்க மொகத்தப் பாத்தே நான் நெலவரத்தத் தெரிஞ்சுக்குவேன். பாய் கீழ குந்தி, வாய்க்குள்ளயே ஓதிக்கினு இருப்பாரு. எனக்கு ஓதத் தெரியாது. தெரிஞ்ச சாமி பேரையெல்லாம் சொன்னேன். எழுந்து போயி திரைக்குப் பக்கத்துல நின்னு, "எப்படி இருக்கிறா பாய்?"னு கேக்கத் தைரியம் வரல. மூணு பெட்டு தூரம்தான். மலைக்குப் போற தூரமா இருந்துச்சு.

மூணாம் நாளு காலையில திரைய தெறந்தாங்க. மைமூன் தலகாணிய முட்டுக் குடுத்து சாஞ்சு குந்தியிருந்தா. பாய் மருந்து வாங்க வெளிய போயிருந்தாரு. டாக்டரம்மா ரிப்போர்ட்டப் பாத்துட்டு அவகிட்ட, "இதுக்கு முன்னாடி டெங்கு வந்திருக்குன்னு உங்க அக்கா சொன்னாங்க. உங்க ரத்தத்துல பழைய எதிர்ப்புப் பொருள் எதுவும் தெரியலையே? உண்மையிலயே வந்திருக்கா?"ன்னு கேட்டாங்க.

மைமூன் என் பக்கம் ஒரு தடவ திரும்பிப் பாத்தா. அப்புறம் சின்னக் கொரல்ல, "வந்ததே இல்லீங்க மேடம்"னா.

"மொதத் தடவைன்னா ஆபத்து இல்லைனு நெனச்சுக்காதீங்க. மொதத் தடவையும் இப்படி ஆகலாம்"னு சொல்லிட்டு டாக்டரம்மா அடுத்த பெட்டுக்குப் போனாங்க.

எனக்குக் கோவம் தலைக்கு ஏறிச்சு. ஊசி குத்துன கைய புடிச்சுக்கினு எழுந்து அவ பெட்டுக்குப் போனேன். மூணு நாளா போவாத தூரத்த மூணே எட்டுல போனேன். "அடிப்பாவி! வராத காச்சல வந்துச்சுன்னு எங்கிட்ட எழுதச் சொன்னியேடி! நாலு நாளா நான் உன்னக் கொன்னுட்டேன்னு செத்துக்கினு கெடந்தேன். இன்னாத்துக்குடி பொய் சொன்ன?"

"கத்தாதக்கா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். சொல்லு."

அவ போர்வை நுனிய வெரல்ல சுத்திக்கினே இருந்தா. "நீ மத்தியானம் எங்க குந்திச் சாப்புடுவ?"

"எங்க குந்துனா உனுக்கு இன்னாடி?"

"நீ காச்சல் தெருவுக்குப் போய்ட்டு வந்தா ஒருத்தியும் உன்னப் பக்கத்துல சேக்க மாட்டா. மொகத்துக்கு நேரா சொல்ல மாட்டாளுங்க, ஆனா தள்ளித் தள்ளி குந்திக்குவாளுங்க. நீயும் தண்ணி டேங்குக்கு அந்தாண்ட போயி, எங்களுக்கு முதுகக் காட்டிக்கினு தனியாத் துன்னுவ. கேட்டா, 'எனக்கு வெயில் ஆவாதுடி, இங்கதான் நெழலு'ன்னுவ. நான் வேலைக்கு சேந்ததுலேர்ந்து ஒரு வருஷம் பாத்தேன்கா. எனக்குச் சோறு எறங்கல. அந்த லிஸ்ட்டுல பேரு இருந்தாத்தானே உம்பக்கத்துல வந்து குந்த முடியும்?"

நெழலுக்காகத்தான் அங்க குந்தறேன்னு நானே நம்பிக்கினு இருந்தேன்.

பதினோரு நாளு ஊசி, வலி, ரத்தம், எதுக்கும் ஒரு சொட்டு அழுவாதவ நான். அவ கட்டில் கம்பியப் புடிச்சுக்கினு அன்னைக்கு அழுத அழுகையில, நர்ஸம்மா ஓடியாந்து, "இன்னாம்மா, எங்க வலிக்குது, எங்க வலிக்குது"ன்னு கேட்டாங்க. மைமூன்தான் என் கைய புடிச்சுக்கினு, "ஒண்ணும் இல்லீங்க, அழுகைதான், அவங்களுக்கு வந்து பூடுச்சு"ன்னா.